நிலாவைக் காட்டினால் குழந்தை எதைப் பார்க்கிறது?

மொட்டை மாடியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டுகிற அம்மாவை எல்லோரும் பார்த்திருப்போம். "அங்க பாரு நிலா" என்று விரலை நீட்டுவார். ஆறேழு மாதக் குழந்தை பெரும்பாலும் அந்த விரலையே பார்க்கும். ஒரு வயதை ஒட்டிய குழந்தை விரல் போகிற திசையில் கண்ணை ஓட்டி நிலாவைப் பிடித்துவிடும். பிடித்ததும் இன்னொன்றும் செய்யும். திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கும். 'நீயும் பாத்தியா?' என்பதுபோல ஒரு பார்வை. அரை விநாடிகூட இருக்காது. அந்த இடைவெளியில்தான் அம்மா அடுத்த வாய்ச் சோற்றை உள்ளே தள்ளிவிடுவார்.

சின்னக் குழந்தைகளில் ஆட்டிசத்தை எப்படி அடையாளம் காண்பது என்று யாராவது கேட்டால் அந்த அரை விநாடியிலிருந்துதான் தொடங்குவேன். நான் சிறப்பாசிரியர். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவதுதான் என் வேலை. வருகிற பெற்றோரில் பெரும்பாலானவர்கள் முதலில் சொல்வது, "ரெண்டு வயசாச்சு, இன்னும் பேசல." நான் கேட்பது, "எதையாவது விரலால சுட்டிக் காட்டுறானா?" பலர் அப்போதுதான் யோசிக்கத் தொடங்குவார்கள். பேச்சு வராதது தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. விரல் நீளாதது வீட்டுக்குள்ளேயே யாருக்கும் தெரிவதில்லை.

ஒரு பொருள், இரண்டு பேர், 'நாம் சேர்ந்து பார்க்கிறோம்' என்று இருவருக்கும் தெரிந்திருப்பது. இதைக் கூட்டுக் கவனம் என்று சொல்வார்கள். மொழி இதன் மேல்தான் ஏறி வருகிறது. அம்மா 'காக்கா' என்று சொல்கிற நேரத்தில் குழந்தையும் காக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அந்தச் சத்தம் அந்தப் பறவையோடு ஒட்டும். அந்த நேரம் அது கிரில் கேட்டின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தால் 'காக்கா' வெறும் சத்தமாகக் காதைக் கடந்துபோய்விடும். நாள் முழுக்க இப்படியே நழுவினால் இரண்டு வயதில் வார்த்தை எங்கிருந்து வரும்?

விரல் நீட்டுவதிலும் இரண்டு வகை உண்டு. அலமாரியில் இருக்கிற பிஸ்கட் டப்பாவைக் காட்டி 'வேணும்' என்று கேட்பது ஒன்று. வானத்தில் போகிற விமானத்தைக் காட்டி 'பாரேன்' என்று பகிர்ந்துகொள்வது மற்றொன்று. விமானம் குழந்தைக்கு வேண்டியதில்லை. நீங்கள் அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அதற்கு வேண்டியது. ஆட்டிசம் இருக்கிற குழந்தைகளில் இந்த இரண்டாவது வகைதான் முக்கியமாகத் தாமதமாகிறது, அல்லது வராமலே போகிறது.

சோப்புக் குமிழி

சில ஆண்டுகளுக்கு முன் 20 மாதப் பையன் ஒருவனை அவன் அம்மாவும் அப்பத்தாவும் கூட்டிவந்தார்கள். என்னிடம் சோப்பு நுரை ஊதுகிற சின்ன பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். திருவிழாக் கடையில் விற்பார்களே, அதுதான். ஊதினேன். குமிழிகள் கிளம்பியதும் அவன் முகமெல்லாம் சிரிப்பு. குதித்தான், கைகளை உதறினான், ஒவ்வொன்றாகத் துரத்தி உடைத்தான். பிறகு நான் மூடியை இறுக்கி, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அப்படிச் சும்மா இருப்பதுதான் இங்கே சோதனை.

இந்த வயதுப் பிள்ளைகள் பொதுவாக பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டுவார்கள். முகத்தைப் பார்ப்பார்கள், 'ம்ம்' என்பார்கள், மறுபடியும் பாட்டிலைப் பார்ப்பார்கள். நான் அசையவில்லை என்றால் அம்மாவிடம் ஓடி என்னைக் காட்டிப் புகார் வைப்பார்கள். இவன் என் வலது மணிக்கட்டைப் பிடித்தான். இழுத்துவந்து மூடியின் மேல் வைத்து அழுத்தினான். நான் திறக்கவில்லை. மறுபடி இழுத்தான், மறுபடி அழுத்தினான். மூன்றாவது தடவை கொஞ்சம் கோபத்தோடு. அவன் கண் மூடியை விட்டு நகரவே இல்லை. மூடியைத் திறக்கிற ஒரு கருவியாக என் கை அவனுக்குப் பயன்பட்டது. அந்தக் கைக்கு மேலே ஒரு முகம் இருக்கிறது என்பது அவனுக்கு அந்த நேரத்தில் தேவைப்படவில்லை.

"பாத்தீங்களா டீச்சர், வேணும்னா எப்படிக் கேட்டு வாங்கிக்கிறான்னு," என்றார் அப்பத்தா, பெருமையாக. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அவன் கெட்டிக்காரன். தனக்கு வேண்டியதை அடைய ஒரு வழியை அவனே கண்டுபிடித்திருக்கிறான். அம்மா எதுவும் சொல்லவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவன் கண்களை.

ஒரு குமிழி விளையாட்டை வைத்து ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிட முடியாது. அதைச் சொல்லும் தகுதி எனக்கும் கிடையாது. 'காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கிற குழந்தை மருத்துவரிடம் போங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். கூடவே ஒன்று கேட்டுக்கொண்டேன்: வீட்டில் அவன் செய்வதையெல்லாம் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

ஆட்டிசம் என்றால்

அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தச் சொல் குழந்தை மருத்துவத்தில் நிலைபெற்றது. தமிழில் மன இறுக்கம், மதியிறுக்கம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. குழந்தையின் மனதில் இறுக்கம் எதுவும் இல்லை, குமிழியைப் பார்த்து அந்தப் பையன் சிரித்த சிரிப்பைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மூளை வளர்கிற விதம் வேறாக இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

இன்று மருத்துவர்கள் பெரிதும் பின்பற்றுகிற வரையறை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-5-இல் 2013-இல் வந்தது. அது இரண்டு பக்கங்களைப் பார்க்கச் சொல்கிறது. முதலாவது, பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் இருக்கிற சிரமம்: கண் பார்வை, சைகை, முகபாவம், மாறி மாறி விளையாடுவது எல்லாம் இதில் வரும். இரண்டாவது, திரும்பத் திரும்பச் செய்கிற அசைவுகள், மாறாத வழக்கங்கள், ஒன்றிலேயே ஆழ்ந்துபோகிற ஈடுபாடு, சத்தம், தொடுதல், சுவை போன்றவற்றில் அளவுக்கு மீறிய அல்லது மிகக் குறைந்த உணர்வு. இரண்டு பக்கமும் இருந்தால்தான் ஆட்டிசம். பேச்சுத் தாமதம் இந்த வரையறைக்குள் ஒரு நிபந்தனையாகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு வயதில் பேசாத, ஆனால் கண்ணாலும் கையாலும் வீட்டையே ஆட்டிவைக்கிற குழந்தை உண்டு. மூன்று வயதில் ஏ பி சி டி, கார் பெயர்கள், விளம்பர வசனங்கள் எல்லாம் ஒப்பிக்கிற, ஆனால் 'தண்ணி வேணும்' என்று கேட்கத் தெரியாத குழந்தையும் உண்டு. இரண்டாவது குழந்தையை நினைத்துத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். வீட்டில் அதை 'புத்திசாலி' என்று சொல்லிக்கொண்டே ஒன்றரை ஆண்டு ஓடிவிடும்.

இது ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. மரபணுக்களின் பங்கு மிகப் பெரியது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்தால் தம்பி தங்கைக்கு வருகிற வாய்ப்பு ஏறக்குறைய 5-இல் 1. ஆண் பிள்ளைகளில் சுமார் நான்கு பேருக்குக் கண்டறியப்பட்டால் பெண் பிள்ளைகளில் ஒருவருக்குக் கண்டறியப்படுகிறது. அதில் ஒரு பகுதி, பெண் குழந்தைகளின் அறிகுறிகளை 'சாதுவான பிள்ளை' என்று நாம் கடந்துவிடுவதால் வருவது.

அம்மாவின் குற்றமா என்ற கேள்விக்குச் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் மருத்துவ உலகமே அப்படித்தான் சொன்னது. பாசம் காட்டாத, குளிர்சாதனப் பெட்டியைப் போன்ற தாய்களால்தான் பிள்ளைகள் இப்படி ஆகிறார்கள் என்று 1950-களிலும் 60-களிலும் மேலை நாடுகளில் எழுதித் தள்ளினார்கள். ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற உளவியலாளரான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-இல் அதை மறுத்துப் புத்தகமே எழுத வேண்டியிருந்தது. அங்கே அந்தக் கருத்து செத்துவிட்டது. இங்கே வேறு உருவத்தில் உயிரோடு இருக்கிறது: வேலைக்குப் போனாய், பிள்ளையிடம் பேசவில்லை, கர்ப்பத்தில் அழுதாய். என் அறையில் உட்கார்ந்து மாமியார் முன்னால் தலைகுனிந்துகொள்கிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் சொல்வது இதைத்தான்: நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை.

தடுப்பூசியாலும் வரவில்லை. 1998-இல் லண்டனிலிருந்து ஒரு மருத்துவர் தட்டம்மை, ரூபெல்லா அடங்கிய தடுப்பூசியைப் பற்றி 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை அந்தப் பயத்தைக் கிளப்பியது. அந்த ஆய்வு நேர்மையாக நடக்கவில்லை என்று தெரிந்து, அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிறகு லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பார்த்தும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. சந்தேகம் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. நம் ஊரில் தட்டம்மை ரூபெல்லா இரண்டாவது ஊசி 16 முதல் 24 மாதத்துக்குள் போடுகிறார்கள். ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படுகிற வயதும் அதேதான்.

எந்த மாதத்தில் எதைப் பார்க்க வேண்டும்

இரண்டு மூன்று மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பது. அதற்கு அப்புறம் நம் பாட்டிமார் வைத்திருக்கிற விளையாட்டுகளே போதும். உள்ளங்கையில் சோறு பிசைந்து, 'நண்டூருது நரியூருது' என்று முழங்கைக்கு மேலே விரலை ஊரவிட்டு அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவோம் இல்லையா? ஒன்பது பத்து மாதக் குழந்தை விரல் அக்குளுக்கு வருவதற்கு முன்னாலேயே உடம்பைச் சுருக்கிக்கொண்டு நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். வரப்போவதை அது எதிர்பார்க்கிறது, அதை நம்மோடு சேர்ந்து எதிர்பார்க்கிறது. முந்தானையால் முகத்தை மூடித் திறந்தால் திறக்குமுன்பே சிரிப்பு வந்துவிடும். கை வீசச் சொன்னால் வீசும். கிச்சுக்கிச்சு மூட்டினால் மட்டும் சிரிக்கிறது, எதிர்பார்ப்பு இல்லை, விளையாட்டை நிறுத்தினால் 'இன்னும்' என்று கேட்பதும் இல்லை என்றால் அதைக் குறித்து வையுங்கள்.

ஒன்பது மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். இதைச் சோதிக்கும்போது நாம் ஒரு தவறு செய்வோம். முன்னால் நின்று கைதட்டி, 'இங்க பாரு இங்க பாரு' என்று கூப்பிட்டால் எந்தக் குழந்தையும் திரும்பும். குழந்தை ஏதோ ஒன்றோடு விளையாடும்போது பின்னாலிருந்து, சாதாரணக் குரலில், பெயரை மட்டும் சொல்ல வேண்டும். டிவியில் பிடித்த விளம்பர இசை வந்தால் அடுத்த அறையிலிருந்து ஓடிவருகிற குழந்தை, தன் பெயருக்குத் திரும்பவில்லை என்பது பெற்றோர் அடிக்கடி சொல்கிற ஒன்று. ஆனால் அதை வைத்து 'காது நன்றாகத்தான் கேட்கிறது' என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். சில சுருதிகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம்.

ஒரு வயதில் டாட்டா காட்டுவது, தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவது, வேண்டாம் என்று தலையாட்டுவது போன்ற சைகைகள். 15 மாதத்தில், கிடைத்த கல்லையோ இலையையோ கொண்டுவந்து நம் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுவது. 18 மாதத்துக்குள் அந்தச் சுட்டு விரல். ஒன்றரையிலிருந்து இரண்டு வயதுக்குள் பாசாங்கு விளையாட்டு: காலி டம்ளரில் காபி குடிப்பது, சொப்புச் சாமானில் சமைத்து நமக்கு ஊட்டுவது, பொம்மையைத் தட்டித் தூங்கவைப்பது. இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் வேணா' என்பதுபோல இரண்டு சொல் சேர்ந்த பேச்சு. அடுத்தவருக்கு அடிபட்டு அழுதால் நின்று பார்ப்பதும் இந்த வயதில் வந்துவிடும்.

திரும்பத் திரும்பச் செய்கிற பழக்கங்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. கை உதறுவது, நுனிக்காலில் நடப்பது, கார்களை வரிசையாக அடுக்குவது, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருப்பது, மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுவது எல்லாவற்றையும் இப்போது ரீல்ஸில் பார்த்துப் பார்த்து அம்மாக்கள் தூக்கம் தொலைக்கிறார்கள். தனித்தனியாக எடுத்தால் இதில் எதுவும் ஆட்டிசத்துக்கு அடையாளம் ஆகாது. எல்லாக் குழந்தைகளும் சந்தோஷத்தில் கையை உதறும். உதறிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறதா என்பதுதான் விஷயம்.

வயதுக்கேற்ப எல்லாம் வந்து, பிறகு போய்விடுகிற குழந்தைகளும் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இப்படி என்று ஆய்வுகள் சொல்கின்றன. 'அத்த', 'மாமா' என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை ஒன்றரை வயதையொட்டி மெல்ல மெல்லப் பேச்சையும் பார்வையையும் விட்டுவிடும். எந்த வயதில் நடந்தாலும், வந்த திறமை ஒன்று போனால் 'பொறுத்துப் பார்ப்போம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வலிப்பு போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம்.

சல்லடை

கவலை என்பது வேறு, சோதனை என்பது வேறு, முடிவு என்பது வேறு. முதல் சோதனையை நான் சல்லடை என்று விளக்குவேன். மாவு சலிப்பது போலத்தான். மேலே தங்கியதெல்லாம் கல் என்று அர்த்தமில்லை, கீழே இறங்கியதெல்லாம் சுத்தம் என்றும் அர்த்தமில்லை.

பிரிட்டனில் சைமன் பாரன்-கோஹன் குழுவினர் 1992-இல் 18 மாதக் குழந்தைகளிடம் இதைப் பரிசோதித்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தம்பி தங்கைகள் 41 பேர், பொதுவாகத் தேர்ந்தெடுத்த 50 பேர். சுட்டிக் காட்டுவது, கூட்டுக் கவனம், பாசாங்கு விளையாட்டு, பிறர்மேல் ஆர்வம், சேர்ந்து விளையாடுவது ஆகியவற்றைப் பார்த்தார்கள். இவற்றில் இரண்டோ அதற்கு மேலோ இல்லாதவர்கள் நான்கே பேர். 30 மாதம் ஆனபோது அந்த நால்வருக்கும் ஆட்டிசம் உறுதியானது. இதைப் படித்தபோது பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அதே சல்லடையை 16,235 குழந்தைகளிடம் பயன்படுத்தி ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களில் 38 சதவீதம் பேரைத்தான் அது பிடித்திருந்தது. மற்றவர்கள் துளை வழியே இறங்கிவிட்டார்கள். 18 மாதத்தில் 'ஒன்றுமில்லை' என்று வந்தாலும் 24 மாதத்தில் மறுபடி பார்க்கச் சொல்வது இதனால்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் எல்லாக் குழந்தைகளுக்கும் 18 மாதத்திலும் 24 மாதத்திலும் பார்க்கச் சொல்கிறது.

இப்போது உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது எம்-சாட்-ஆர்/எஃப். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. பெற்றோர் ஆம், இல்லை என்று பதில் சொல்கிற 20 கேள்விகள், இலவசம். அபாயத்தைக் காட்டுகிற பதில்களை எண்ணுவார்கள். 0 முதல் 2 வரை என்றால் அபாயம் குறைவு. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரே விரிவான பரிசோதனைக்குப் போக வேண்டும். 3 முதல் 7 வரை வந்தால் அதே கேள்விகளைத் துருவித் துருவி இரண்டாவது முறை கேட்க வேண்டும். பெயரில் இருக்கிற 'எஃப்' அந்த இரண்டாவது சுற்றுதான். இணையத்தில் நிரப்பிப் பார்த்து 4 வந்துவிட்டது என்று அழுதுகொண்டு வருகிறவர்கள் இந்தச் சுற்றைத் தாண்டியிருக்க மாட்டார்கள். 'பாசாங்கு விளையாட்டு விளையாடுமா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்ட அம்மாவிடம், 'காதில் போனை வைத்து ஹலோ சொல்லுமா' என்று கேட்டால், 'ஐயோ, நாள் பூரா அதுதான்' என்பார்.

இரண்டு சுற்றும் தாண்டியும் அபாயம் என்று வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஆட்டிசம் உறுதியானது என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் 100-க்கு 95 பேரிடம் கவனிக்க வேண்டிய ஏதோ ஒரு வளர்ச்சிச் சிக்கல் இருந்தது. எனவே சல்லடையில் நின்ற குழந்தையை 'தப்பாகக் காட்டிவிட்டது' என்று சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள்.

நம் நாட்டில் 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஒன்று அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். ஆட்டிசமும் அவர்கள் பார்க்கிற பட்டியலில் உண்டு. சந்தேகம் உள்ள பிள்ளைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பணம் கட்டத் தேவையில்லை. இது இருப்பதே பலருக்குத் தெரியாது. குழு வருகிற நாளை அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அன்று பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

உறுதி செய்வது

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதிலும் ஆட்டிசம் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். வலிப்பு, தலையின் அளவில் மாற்றம் போன்ற காரணம் இருந்தால் எடுக்கலாம். எல்லோருக்கும் தேவையில்லை. ஆனால் காது பரிசோதனை எல்லோருக்கும் தேவை. சின்னக் குழந்தையாக இருந்தால் தூங்கவைத்து, சத்தத்துக்கு மூளை தருகிற பதிலை அளக்கிற பெரா பரிசோதனை எடுப்பார்கள். காது கேட்காத குழந்தையும் பெயருக்குத் திரும்பாது, பேசாது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் அதன் விலை பெரிது.

அப்புறம் நடப்பதெல்லாம் பார்ப்பதும் கேட்பதும்தான். பெற்றோரிடம் கர்ப்பகாலத்திலிருந்து கேட்பார்கள். குழந்தையோடு விளையாடிப் பார்ப்பார்கள். ஏடாஸ்-2 என்கிற முறையில் 12 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. குமிழி ஊதி நிறுத்துவது போன்ற சின்னச் சின்னச் சூழ்நிலைகளை ஏற்படுத்தி, குழந்தை என்ன செய்கிறது என்று மதிப்பெண் போடுவார்கள். இந்தியாவில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு ஐசா எனப்படும் 40 கேள்விகள் கொண்ட அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று தயங்குகிறவர்கள் உண்டு. உதவிகளுக்கான கதவு அதுதான் என்பது என் கருத்து. ஆனால் அவசரப்படத் தேவையில்லை, முதலில் பயிற்சி தொடங்கட்டும்.

ஆஸ்பத்திரியில் உங்கள் பிள்ளை புது இடத்தில் அழுதுகொண்டே இருக்கும். இருபது நிமிடத்தில் மருத்துவர் எவ்வளவுதான் பார்க்க முடியும்? அதனால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். சாப்பிடும்போது ஒன்று, தனியாக விளையாடும்போது ஒன்று, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ஒன்று, வேறு பிள்ளைகள் நடுவில் ஒன்று. நல்லதாகத் தெரிவதை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள்.

அனுபவமுள்ளவர்கள் பார்த்தால் 18 முதல் 24 மாதத்துக்குள்ளேயே பெரும்பாலும் நம்பகமாகச் சொல்லிவிட முடியும். ஆனால் வசதிகள் நிறைந்த அமெரிக்காவிலேயே 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் பாதிப் பிள்ளைகளுக்கு 47 மாதத்துக்குப் பிறகு, அதாவது நான்கு வயதை நெருங்கிய பிறகுதான் கண்டறியப்பட்டது. அங்கே அப்படியென்றால், 'அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்', 'ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்' என்ற பேச்சுகளுக்கு நடுவில் வாழ்கிற நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு தள்ளிப்போகும்! அப்படிச் சொல்கிற பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். வசம்பு தேய்ப்பதும் கோயிலுக்கு வேண்டிக்கொள்வதும் அன்புதான். அதையெல்லாம் செய்துகொண்டே மருத்துவரையும் பார்க்கலாம்.

சிலர், செல்போன் பார்த்ததால் வந்தது, போனை நிறுத்தினால் சரியாகிவிடும் என்பார்கள். 'வர்ச்சுவல் ஆட்டிசம்' என்று அதற்கொரு பெயரும் உலவுகிறது. மருத்துவ வரையறைகளில் அப்படி ஒரு நோயே இல்லை. போனை நிறுத்துங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. திரை பார்க்கிற நேரமெல்லாம் முகம் பார்க்காத நேரம். ஆனால் 'ஆறு மாதம் போனை நிறுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் வருகிறோம்' என்று போய்விடாதீர்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்கட்டும்.

பெயர் வைக்கும்வரை காத்திருக்காமல்

பரிசோதனைக்கான தேதி கிடைக்க மாதங்கள் ஆகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆட்டிசமோ, வெறும் பேச்சுத் தாமதமோ, இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான். தரையில், குழந்தையின் முகத்துக்கு நேரே, அதே உயரத்தில் உட்காருங்கள். நீங்கள் பொம்மை ஒன்றைத் திணிக்காமல் அது எதைப் பார்க்கிறதோ அதோடு சேர்ந்துகொள்ளுங்கள். அது மூடியைச் சுழற்றினால் நீங்களும் ஒரு மூடியைச் சுழற்றுங்கள். ஒரு சொல், அதிகம் போனால் இரண்டு சொல்லில் பேசுங்கள். ஊஞ்சலை இரண்டு தடவை ஆட்டிவிட்டு நிறுத்தி, முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். ஐந்து வரை மனசுக்குள் எண்ணுங்கள். அந்தக் காத்திருப்புத்தான் கடினம். நமக்கெல்லாம் முந்திக்கொண்டு செய்துகொடுத்தே பழக்கம்.

ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ஒயிட்ஹவுஸ் குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நான் அடிக்கடி பெற்றோரிடம் சொல்வேன். சந்தேகமான அறிகுறிகள் உள்ள ஒரு வயதுக் குழந்தைகள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பாதியின் பெற்றோருக்கு, குழந்தை தரும் சின்னச் சின்னக் குறிப்புகளைக் கவனித்துப் பதில் சொல்லப் பயிற்சி. மூன்று வயதில் பார்த்தபோது வழக்கமான கவனிப்பில் 20.5 சதவீதம் பேர் ஆட்டிசத்துக்கான வரையறைக்குள் வந்தார்கள், பயிற்சி பெற்ற பக்கம் 6.7 சதவீதம். ஏறக்குறைய 100 குழந்தைகள் மட்டுமே கலந்துகொண்ட சிறிய ஆய்வு அது. குணமாக்கிவிடலாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயர் வைப்பதற்கு முன்பே தொடங்கினால் பலன் உண்டு என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குணமாக்குகிறேன் என்று சொல்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அது பலன் தரும் என்று நிரூபணம் ஆகவில்லை. நகையை அடகு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த அப்பா ஒருவரை எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில் பேச்சுப் பயிற்சிக்கும், அன்றாடச் செயல்களைப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிக்கும் எத்தனையோ மாதம் போயிருக்கலாம்.

குமிழிப் பையனின் அம்மா, நான் கேட்டுக்கொண்டபடி எழுதினார். வீட்டில் நோட்டு வாங்கவில்லை. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். தேதி தாளிலேயே இருந்ததால் அது ஒரு வசதி. 'பத்து தடவை கூப்பிட்டேன், ஒரு தடவை திரும்பினான்.' 'குக்கர் விசிலுக்கு அழுதான்.' 'பக்கத்து வீட்டுப் பாப்பா வந்தாள், பார்க்கவில்லை.' மருத்துவர் அந்தக் கட்டை முழுதும் படித்தார் என்று அம்மா சொன்னார். காது நன்றாகக் கேட்டது. 23 மாதத்தில் ஆட்டிசம் என்று உறுதியானது. அதற்குள் நாங்கள் பயிற்சி தொடங்கி ஏழெட்டு வாரம் ஆகியிருந்தது. தாள்கள் நிற்கவில்லை. கார்த்திகை மாதத்துத் தாள் ஒன்றை எனக்குக் காட்டினார். பெரிய கார்த்திகைக்கு முந்தின நாள்.

'தெருவில் வெடி வெடித்தது. பயந்தான். திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.'